ஐந்தரை ஆண்டு மௌனம்: ஸ்டோன் ரோசஸ் இழந்தது எதை?

கேள்வி

எல்லாம் கூடிவந்த நேரத்தில் கோட்டைவிட்ட குழுக்கள் என்று ராக் இசை எழுத்தாளர்களிடம் ஒரு பட்டியல் புழங்குகிறது. லிவர்பூலின் தி லாஸ் 1990இல் வெளியிட்ட ஒரே ஆல்பத்தோடு நின்றுபோனது. அந்த ஆல்பத்தையும் பாடகர் லீ மேவர்ஸ் இன்றுவரை தன் படைப்பாக மனதார ஏற்கவில்லை. மை பிளடி வேலன்டைன் 1991க்குப் பிறகு அடுத்த ஆல்பத்தைத் தருவதற்கு 2013 ஆகிவிட்டது. கன்ஸ் அண்ட் ரோசஸ் பல ஆண்டுகள் உருட்டிக்கொண்டிருந்த 'சைனீஸ் டெமாக்ரசி' 2008இல் வந்து சேர்ந்தபோது, அதற்காகக் காத்திருந்த தலைமுறை வேறு வேலைக்குப் போயிருந்தது. இந்தப் பட்டியலைப் பிரிட்டிஷ்காரர் யார் எழுதினாலும் முதல் பெயர் அநேகமாக மான்செஸ்டரின் ஸ்டோன் ரோசஸாகவே இருக்கும்.

அவர்களுடைய முதல் ஆல்பம் 1989 மே மாதம் வந்தது. இரண்டாவது 1994 டிசம்பரில். இடையில் ஐந்தரை ஆண்டுகளுக்குச் சற்று மேல். 1996 அக்டோபரில் குழு கலைந்தது. இந்தச் சரிவுக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பழைய இசைத்தட்டு நிறுவனத்தோடு நடந்த வழக்கு. இன்னொன்று, புதிய நிறுவனத்தின் பணம் கைக்கு வந்ததும் நால்வரையும் பிடித்துக்கொண்ட சோம்பல். இரண்டுமே உண்மையைத் தொடுகின்றன. ஆனால் காலவரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தும் முழு விளக்கமாவதில்லை. வழக்கும் பணமும் அவர்களை மேடையிலிருந்து அகற்றின. தங்கள் பாட்டைத் தாங்களே எடைபோட அவர்களிடம் இருந்த ஒரே உரைகல் அந்த மேடைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1989இல் கையில் இருந்தது

முதல் ஆல்பத்தைத் திடீர்ப் பிறப்பாகப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. உண்மையில் அதற்குப் பின்னால் ஐந்தாண்டு மேடை உழைப்பு இருந்தது. மான்செஸ்டரை ஒட்டிய டிம்பர்லியில் சிறு வயதிலிருந்தே பழகிய பாடகர் இயன் பிரவுனும் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்குவையரும் 1983இல் தொடங்கிய குழு இது. 1984 அக்டோபரில் லண்டனில் நடந்த ஹெராயின் எதிர்ப்பு நிகழ்ச்சிதான் முதல் மேடை. அதன்பின் ஸ்வீடனில் ஒரு சுற்று. மான்செஸ்டரில் ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில், முறையான அரங்குகளுக்கு வெளியே கச்சேரிகள். டிரம்ஸ் வாசித்த ரெனி 1984இல் சேர்ந்தார். பேஸ் வாசித்த மானி 1987இல்தான் வந்தார். நால்வரும் ஒன்றாக நின்ற பிறகே குழுவின் தாளம் நாம் அறிந்த தாளமானது.

இதற்கு ஒரு நல்ல சான்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 1985இல் மார்ட்டின் ஹானெட் தயாரிப்பில் அவர்கள் ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். பிடிக்காமல் ஒதுக்கிவைத்தார்கள். பதினோரு ஆண்டு கழித்து அது 'கராஜ் ஃப்ளவர்' என்ற பெயரில் வெளியானது. அதில் 'ஐ வானா பி அடோர்ட்', 'திஸ் இஸ் த ஒன்' ஆகிய இரு பாடல்களும் உண்டு. அதே பாடல்களை 1989 ஆல்பத்திலும் கேட்கலாம். 1985 பதிவில் அவை அவசரமாக ஓடுகின்றன, குரல் கத்துகிறது, கிட்டார் இடைவெளியே விடாமல் நிரப்புகிறது. 1989இல் 'ஐ வானா பி அடோர்ட்' எப்படித் தொடங்குகிறது என்று கவனித்தால் வேறுபாடு புரியும். முதலில் தெளிவில்லாத இரைச்சல். அதிலிருந்து பேஸ் மட்டும் மெல்ல எழுகிறது. பிறகு கிட்டார், அதன் பின்னால் டிரம்ஸ், கடைசியாகத்தான் குரல். இது ஸ்டுடியோவில் உட்கார்ந்து யோசித்த அமைப்பாக எனக்குப் படவில்லை. ஒவ்வொருவராக மேடையேற, கூட்டத்தின் எதிர்பார்ப்பு படிப்படியாக ஏறும் ஒரு கச்சேரித் தொடக்கம் அது. தயாரிப்பாளர் ஜான் லெக்கி அதைத் துலக்கினார். அதை உருவாக்கியது மேடை.

அந்த ஆண்டின் ஏற்றம் வேகமானது. ஆகஸ்டில் பிளாக்பூல் எம்ப்ரஸ் பால்ரூம், நவம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ். அதே நவம்பரில் வந்த 'ஃபூல்ஸ் கோல்ட்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடத்தைத் தொட்டது. நடன அரங்குகளின் தாளச் சுழலும் ராக் கிட்டாரும் ஒன்றையொன்று நெருக்காமல் அதில் நின்றன. ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடும் அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துவது மானியும் ரெனியும். இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

1990 மே 27 அன்று விட்னஸ் நகருக்கு அருகே, மெர்சி நதி முகத்துவாரத்தில், ரசாயனத் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஸ்பைக் ஐலண்டில் ஏறக்குறைய 27,000 பேர் கூடினார்கள். காற்று ஒலியை அடித்துக்கொண்டு போனதால் பலருக்கும் சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு தலைமுறையின் அடையாள நாளாக அது நினைக்கப்படுகிறது. இன்று அங்கே இருந்ததாகச் சொல்கிறவர்களை எண்ணினால் கணக்கு 27,000த்தைத் தாண்டிவிடும். குழுவினர் தாங்களே சிறந்ததாகக் கருதியது சில நாள் கழித்து, ஜூன் 9 அன்று கிளாஸ்கோ கிரீனில் கூடாரத்துக்குள் நடந்த கச்சேரியை. அந்த நால்வர் அடுத்து ஒரே மேடையில் கச்சேரிக்கு நிற்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வழக்கு எவ்வளவு காலத்தைத் தின்றது?

1988இல் சோம்பா குழுமத்தின் சில்வர்டோன் நிறுவனத்தோடு அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மோசமானது என்பதில் எவருக்கும் இன்று ஐயமில்லை. நிறுவனம் விரும்பினால் ஒப்பந்தத்தை மீண்டும் மீண்டும் நீட்டிக்கொண்டே போகலாம். குழு வேறெங்கும் பதிவு செய்யக் கூடாது. ஆனால் பதிவு செய்ததை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கடமை நிறுவனத்துக்கு இல்லை. அதாவது, நிறுவனம் நினைத்தால் ஒரு கலைஞரை ஆண்டுக்கணக்கில் சும்மா கட்டிப்போட்டு வைக்க முடியும்.

குழு வேறிடம் தேடத் தொடங்கியதும் 1990 செப்டம்பரில் சில்வர்டோன் இடைக்காலத் தடை வாங்கியது. 1991 மே மாதம் தீர்ப்பு வந்தது. பேரம்பேசும் வலுவில் இரு தரப்பும் சமமில்லை, ஒப்பந்தம் தொழில் செய்யும் சுதந்திரத்தை நியாயமற்று முடக்குகிறது என்று சொல்லி, அது செல்லாது என்றார் நீதிபதி. 1974இல் பிரபுக்கள் சபை, ஒரு பாடலாசிரியருக்கும் ஷ்ரோடர் பதிப்பகத்துக்கும் இடையிலான வழக்கில் வகுத்த கோட்பாட்டின் தொடர்ச்சி இது. இசைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் இரண்டையும் சேர்த்தே படிக்கிறார்கள். இந்தக் கதவு எல்லாருக்கும் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 1994இல் இதே வாதத்தோடு சோனிக்கு எதிராகப் போன ஜார்ஜ் மைக்கேல் தோற்றார். அவர் பேரம்பேசத் தெரிந்த, நல்ல சட்ட ஆலோசனை பெற்ற நட்சத்திரம் என்பது அங்கே எதிராகப் போனது. ஸ்டோன் ரோசஸின் அனுபவமின்மையே அவர்களைக் காப்பாற்றியது எனலாம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். தடை தொடங்கியதிலிருந்து தீர்ப்பு வரை எட்டு மாதம். சில்வர்டோன் மேல்முறையீட்டுக்குப் போனதால் இன்னும் ஓராண்டு குழப்பம் நீடித்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1992 கோடையோடு நீதிமன்றத்தின் பங்கு முடிகிறது. ஆல்பம் வந்தது 1994 டிசம்பரில். மீதி இரண்டரை ஆண்டை எந்த நீதிபதியின் தலையிலும் கட்ட முடியாது. தவிரவும், தடை பதிவுகளைப் பற்றியது. மேடையேறிப் பாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த எட்டு மாதமும் கச்சேரி நடத்தியிருக்கலாம், புதுப் பாடல்களைக் கூட்டத்தின் முன்னால் வைத்துப் பார்த்திருக்கலாம். வழக்கை முதல் காரணமாக்கும் எழுத்துகள் இந்த இடத்தை மெல்லக் கடந்துபோகின்றன.

சோம்பல் என்ற குற்றச்சாட்டு

வழக்கில் வென்றதும் அமெரிக்க நிறுவனமான கெஃபன் பெரும் தொகையில் அவர்களை ஒப்பந்தம் செய்தது. மேலாளர் கேரத் எவன்ஸுடன் உறவு முறிந்து, அதுவும் சட்டச் சண்டையானது. உறுப்பினர்கள் சிலர் தந்தையானார்கள். ஊரைவிட்டுத் தள்ளிக் குடியேறினார்கள். இதையெல்லாம் வைத்துச் சோம்பல் என்று தீர்ப்பெழுதுவது எளிது, பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின.

ஆனால் சோம்பேறிகள் இத்தனை மணி நேரம் ஸ்டுடியோவில் கிடப்பதில்லை. 1992இல் வடக்கு வேல்ஸின் யூலோவில் நடமாடும் ஒலிப்பதிவுக் கூடத்தோடு முதல் அமர்வு. பிறகு மன்மத்துக்கு அருகே ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவில் நீண்ட குடியிருப்பு. வேலை நகராத சலிப்பில் ஜான் லெக்கி 1993இல் விலகினார். பால் ஷ்ரோடர் தொடர்ந்தார், கடைசியில் சைமன் டாசன் முடித்துவைத்தார். ஓர் ஆல்பத்துக்கு மூன்று தயாரிப்பாளர்கள். இங்கே உழைப்புக்குப் பஞ்சமில்லை. எது நன்றாக வந்திருக்கிறது, எதை நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லாததே பஞ்சம். ஓயாமல் ருசி பார்த்துக்கொண்டே சமைக்கிறவருக்கு ஒரு கட்டத்தில் உப்பு தெரியாமல் போவதுபோல, திரும்பத் திரும்பக் கேட்ட ஒலிக்குக் காது மரத்துப்போனது.

பணத்தின் பங்கையும் நான் வேறுவிதமாகவே பார்க்கிறேன். காலக்கெடு விதித்து நெருக்காத அளவுக்குக் கெஃபன் பெரிய நிறுவனமாக இருந்தது. அதன் இன்னொரு முத்திரையில் 1991இல் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்து உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. வேல்ஸில் நால்வர் தாமதிப்பதால் அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் கவிழ்ந்துவிடாது. 'சைனீஸ் டெமாக்ரசி'க்காகப் பின்னாளில் அத்தனை ஆண்டு காத்திருந்ததும் இதே கெஃபன்தான். சில்வர்டோனின் கயிறு இறுக்கமானது என்றால் கெஃபனின் கயிறு அளவுக்கு மீறித் தளர்வானது. இரண்டாவது கேடு நீதிமன்றத்துக்குப் போகக்கூடியதல்ல.

மேடை இல்லாத ஆண்டுகள்

1990 ஜூனிலிருந்து 1995 ஏப்ரல் வரை ஸ்டோன் ரோசஸ் ஒரு கச்சேரிகூட நடத்தவில்லை. என் பார்வையில் இந்தக் கதையின் மையத் தகவல் இதுதான். ஆல்பங்களுக்கு இடைப்பட்ட ஐந்தரை ஆண்டைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். கச்சேரிகளுக்கு இடைப்பட்ட, நாலே முக்கால் ஆண்டுக்கும் மேலான இடைவெளி அதைவிடக் கேடு செய்தது.

இரண்டாவது ஆல்பமான 'செகண்ட் கமிங்'கின் முதல் பாட்டு 'பிரேக்கிங் இன்டு ஹெவன்'. பதினொரு நிமிடத்துக்கும் மேல் நீளும் இதில் முதல் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும் நீரின் சத்தம், காட்டின் இரைச்சல், தூரத்தில் சிதறும் கிட்டார். அதன்பிறகே பாட்டு தொடங்குகிறது. நீளம் தன்னளவில் குற்றமல்ல; 'ஃபூல்ஸ் கோல்ட்' நீளமானதுதான். 'ஐ வானா பி அடோர்ட்' தொடக்கத்திலும் இரைச்சல் உண்டு. அங்கே அது ஒவ்வொரு இசைஞராக உள்ளே அழைத்து வருகிறது, ஒவ்வொரு அடியிலும் ஏதோ ஒன்று கூடுகிறது. இங்கே நான்கு நிமிடமும் யாரும் உள்ளே வருவதில்லை. அரங்கில் ஆயிரம் பேர் முன்னால் இரண்டு முறை வாசித்திருந்தால் மூன்றாம் முறை அதில் பாதி தானாகக் கழிந்திருக்கும்.

எழுத்துரிமைப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் ஆல்பத்தின் பாடல்கள் பிரவுன், ஸ்குவையர் இருவர் பெயரிலும் வந்தன. இரண்டாவதில் பட்டியலிட்ட 12 பாடல்களில் 9 ஸ்குவையர் பெயரில் மட்டும். நால்வரும் சேர்ந்து உருவாக்கியது 'டேபிரேக்' ஒன்றுதான். மானியும் ரெனியும் மறுபடி பறப்பது அதில் கேட்கிறது. கச்சேரிக் குழுவுக்கு நால்வரும் தேவை. ஸ்டுடியோவுக்கு அப்படியல்ல, கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிந்துகொண்டே போகலாம், ஒருவரே மற்ற மூவரின் இடத்தையும் நிரப்பிவிடலாம். ஸ்குவையர் லெட் செப்பெலின் பாணிக் கிட்டாருக்குள் ஆழ்ந்து போனதை ரசனை மாற்றம் என்று பலர் எழுதுகிறார்கள். பக்கத்தில் நின்று தடுக்கும் தாளம் இல்லாத ஒருவர் இயல்பாகச் சாயும் திசை அது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆல்பம் மோசமில்லை. 'லவ் ஸ்ப்ரெட்ஸ்' 2ஆம் இடத்துக்கும் ஆல்பம் 4ஆம் இடத்துக்கும் போயின. 'டென் ஸ்டோரி லவ் சாங்' இன்றும் நிற்கிறது. முதல் ஆல்பத்தின் அடுத்த அடியாக மட்டும் அது இல்லை.

மறுபக்கத்தில் ஓர் ஒப்பீடு. ஷெஃபீல்டின் பல்ப் 1978இல் தொடங்கிய குழு. முதல் ஆல்பம் 1983இல் வந்து கண்டுகொள்ளப்படாமல் போனது. 1994 வரை பெரும் வெற்றி என்று ஒன்றும் இல்லை. காலம் வீணானது என்ற அளவுகோலைப் பிடித்தால் பல்ப் இழந்ததுதான் மிக அதிகம். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர்கள் ஆட்களை மாற்றிக்கொண்டே சின்னச் சின்ன இடங்களில் பாடிக்கொண்டிருந்தார்கள். 1995 கிளாஸ்டன்பரி விழாவின் சனிக்கிழமை இரவு ஸ்டோன் ரோசஸுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கலிஃபோர்னியாவில் மலைச் சைக்கிளிலிருந்து விழுந்து ஸ்குவையரின் காறை எலும்பு முறிந்தது. சில நாள் அவகாசத்தில் பல்ப் அழைக்கப்பட்டது. பதினேழு ஆண்டு பழகிய மேடைத் திறனோடு அவர்கள் அன்று ஏறினார்கள். பிரிட்பாப் யுகத்தின் பெரிய இரவுகளில் ஒன்று வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டது. சைக்கிள் விபத்தைத் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். அந்த இடத்தில் நிற்கத் தயாராக ஒருவர் இருந்தது துரதிர்ஷ்டமும் அல்ல, அதிர்ஷ்டமும் அல்ல.

தவறுகளின் தன்மை

செயலின்மையோடு சில நேரடித் தவறுகளும் உண்டு. 1990 ஜனவரியில், தங்கள் பழைய பாடல் 'சாலி சினமன்' மறுவெளியீட்டுக்கு எடுத்த வீடியோ பிடிக்காமல், வுல்வர்ஹாம்ப்டனில் இருந்த முன்னாள் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் மேசைமீதும் கார்கள்மீதும் பெயிண்டை வாரி இறைத்தார்கள். ஆளுக்கு 3,000 பவுண்ட் அபராதம். ஸ்குவையர் ஜாக்சன் பொல்லாக் பாணியில் வரைந்த ஆல்பம் அட்டையைப் பார்த்தவர்களுக்கு அலுவலகத்தின் தோற்றம் பழக்கப்பட்டதாக இருந்திருக்கும். இது வீணடிப்பு அல்ல, விளம்பரமாகக்கூட உதவியது.

1994இல் திரும்பி வந்தபோது, காத்திருந்த இசைப் பத்திரிகைகளை விட்டுவிட்டு, வீடற்றோர் விற்கும் 'பிக் இஷ்யூ' இதழுக்கு முதல் பேட்டி கொடுத்தார்கள். பத்திரிகையாளர்களுக்கு அது உறைத்தது. எனக்கு அதில் பிழை தெரியவில்லை. நல்ல காரியம் அது. ஆனால் அப்போது ஓயேசிஸின் முதல் ஆல்பம் வந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஸ்டோன் ரோசஸை மேடையில் பார்த்துப் பாட வந்ததாகச் சொல்லும் ஓயேசிஸ் பாடகர் லியாம் கல்லஹரே இப்போது எல்லா அட்டைகளிலும் இருந்தார். ஆதரவாக எழுத ஆள் தேவைப்பட்ட நேரம் அது.

1995 மார்ச்சில், ஆல்பம் வந்த சில மாதத்திலேயே, ரெனி விலகினார். அவர் இடத்தில் ராபி மாடிக்ஸ். அந்த ஆண்டுதான் முதல் அமெரிக்கக் கச்சேரி. முதல் ஆல்பத்தின் சூடு ஆறி ஆறாண்டு கழித்து. 1996 ஏப்ரலில் ஸ்குவையரும் போனார். ஆகஸ்டில் ரெடிங் விழாவில் அசீஸ் இப்ராஹிம் கிட்டாரோடு நடந்த கச்சேரியில் பிரவுனின் சுருதி விலகல் இன்றும் பேசப்படுகிறது. பழுது அதற்கு வெகு முன்னரே நிகழ்ந்துவிட்டது என்பதால் ரெடிங்கை இங்கே விரிவாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னாளில் கிடைத்த சோதனை

பிரிந்தபின் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது சோம்பல் வாதத்துக்குப் பெரிய இடைஞ்சல். பிரவுன் 1998 தொடங்கி 2019க்குள் ஏழு தனி ஆல்பங்கள் வெளியிட்டார். மானி 1996இலேயே பிரைமல் ஸ்க்ரீமில் சேர்ந்து பதினைந்தாண்டு ஊர் ஊராக வாசித்தார். ஸ்குவையர் சீஹார்சஸ் குழுவைத் தொடங்கி 1997இல் ஆல்பம் தந்தார். 2024 மார்ச்சில் லியாம் கல்லஹரோடு அவர் செய்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஒதுங்கி இருந்தவர் ரெனி ஒருவரே.

2011 அக்டோபரில் மறுகூடல் அறிவிப்பு வந்தது. 2012 கோடையில் மான்செஸ்டர் ஹீட்டன் பார்க்கில் மூன்று இரவுகளுக்கான சுமார் 2,20,000 டிக்கெட்டுகள் ஒரு மணி நேரச் சொச்சத்தில் தீர்ந்தன. ஆம்ஸ்டர்டாமில் ரெனி கச்சேரி முடியும் முன்பே இறங்கிப்போன சண்டையும் நடந்தது, சமாதானமும் ஆனது. வழக்கு இல்லை, மேலாளர் தகராறு இல்லை, நால்வரும் உண்டு, மேடையும் உண்டு. என் வாதம் முழுக்கச் சரியென்றால் இங்கே புதிய ஆல்பம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2016இல் 'ஆல் ஃபார் ஒன்', 'பியூட்டிஃபுல் திங்' என்ற இரண்டு பாடல்கள் வந்தன, அவ்வளவே. 2017 ஜூனில் கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க்கோடு கச்சேரிகள் நின்றன. முடிந்துவிட்டதாக ஸ்குவையர் 2019இல் சொன்னார். 2025 நவம்பரில் மானி காலமானார்.

ஆகவே வாதத்தைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1985இல் ரயில் வளைவுக்கு அடியில் நின்ற கூட்டத்துக்கு அந்தப் பாடல்கள் தெரியாது; பிடிக்காவிட்டால் வெளியே போய்விடும். ஹீட்டன் பார்க்கின் கூட்டம் முதல் ஆல்பத்தை மனப்பாடமாக அறிந்து, அதைக் கேட்கவே பணம் கட்டி வந்தது. 2016இன் இரண்டு பாடல்களும் முதலில் இசைத்தட்டாக வெளியாகிப் பிறகே மேடைக்கு வந்தன. 'ஐ வானா பி அடோர்ட்' வந்த பாதைக்கு இது நேர் எதிர். எண்பதுகளில் பாட்டைத் திருத்தியது வெறுமனே ரசிகர் முன்னால் நிற்பது மட்டுமல்ல. அந்த ரசிகர் இன்னும் அவர்களை நேசிக்கத் தொடங்காதவர் என்பதும்தான். 1990 கோடைக்குப் பிறகு அப்படிப்பட்ட கூட்டம் பிரிட்டனில் அவர்களுக்கு எங்கும் மிச்சமில்லை. அமெரிக்காவில் அன்று இருந்தது, போகவில்லை.